பக்கத்து சீட்டுக் குமிழ்

மோகனசுந்தரம் கார் ஓட்டுவதை நிறுத்தி வெகுநாள் ஆகிவிட்டது. இந்த விஷயம் அவருக்கே தெரியாது.

தினமும் காலையில் குளித்து, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, போர்ட்டிகோவில் நிற்கும் சிவப்புக் குட்டிக் காரைத் துடைப்பார். ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்காருவார். கண்ணாடியைச் சரிசெய்வார், இன்டிகேட்டர் போடுவார், சுந்தராபுரம் சிக்னலில் குறுக்கே வருகிறவனைப் பார்த்து, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று திட்டுவார். உண்மையில் திட்டுவது மட்டும்தான் அவர் வேலை. மற்றதெல்லாம் கார் தானே பார்த்துக்கொண்டது.

இது அவர் மனைவி சுகந்தி செய்த ஏற்பாடு.

ஒரு காலத்தில் அவர் நடத்திய டிரைவிங் ஸ்கூலில்தான் அந்த வட்டாரமே கார் பழகியது. பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் உட்காரும் இடது சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். பழகுகிறவர் சொதப்பினால் இவர் மிதிக்க வேண்டும். மற்ற ஸ்கூல்களில் மிதித்துவிட்டுக் கத்துவார்கள். இவர் மிதிப்பது வெளியே தெரியாது. ஜன்னல் பக்கம் எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டு, பூனை நடக்கிற மாதிரி காலை அமுக்குவார். வண்டி நிற்கும். தானே நிறுத்திவிட்டோம் என்று பழகுகிறவர் பூரித்துப் போவார்.

"நாலு தடவ அப்படி நெனச்சான்னா அஞ்சாந்தடவ அவனே நிறுத்தீருவான். அப்புறம் நாம காலை எடுத்துக்கலாம்" என்பார் மாஸ்டர்.

எதிலாவது முட்டிவிட்டு அழுகிறவர்களுக்கு அவர் ஒரே வசனம்தான் வைத்திருந்தார். "நீ மிதிச்ச கண்ணு. வண்டிதான் கேக்கல." அழுகை நின்றுவிடும். சுகந்தியே கல்யாணமான புதிதில் அந்த வண்டியில் ஒரு மின்கம்பத்தை முட்டிவிட்டு, அந்த வசனத்தைக் கேட்டு, வண்டியில்தான் கோளாறு என்று பல வருஷம் நம்பியிருந்தாள். ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் அவரே சிரித்துக்கொண்டு போட்டு உடைத்தார். அவள் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாஸ்டருக்கு மறதி வந்தது மெதுவாகத்தான். முதலில் ஆட்களின் பெயர் போயிற்று. பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பது போயிற்று. ஒருநாள் உக்கடம் ரவுண்டானாவை எதிர்ப்பக்கமாகச் சுற்றப் பார்த்தார். டாக்டர் தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "கை கால் பழக்கம் ரொம்ப நாளைக்கு இருக்கும்மா. மூளைதான் எப்ப கைவிடும்னு சொல்ல முடியாது. சாவியை வாங்கி வெச்சுக்கங்க" என்றார்.

வாங்கி வைத்தாள். அதோடு வீட்டுக்குள் இருந்த மனுஷன் மாறிப்போனார். குளிக்க மாட்டேன் என்றார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனார். நாற்காலியில் உட்கார்ந்து தரையை மிதித்து மிதித்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குத் தெருவில் பாதி வண்டிகள் தானாகவே ஓடுகிறவைதானே, அப்படி ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று சுகந்தி கேட்டுப் பார்த்தாள். "பொணத்தையும் அப்படித்தான் கூட்டீட்டுப் போறாங்க" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் லோகு வந்தான். லோகநாதன், மாஸ்டரிடம் பழகியவன், இப்போது பைபாஸ் ஓரம் கார் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் கடை வைத்திருப்பவன். கம்பெனி ஒரு மாதிரி செய்து கொடுத்தால் அதை வேறு மாதிரி ஆக்குவதுதான் அவன் பிழைப்பு. சத்தமே வராத பாட்டரி வண்டிக்கு டீசல் இன்ஜின் சத்தம் ஏற்றுவான். பெல்ட் போடாவிட்டால் கிளம்பாத வண்டியைப் பெல்ட் போட்டதாக நம்பவைப்பான். இதற்கென்றே ஊர் ஊராகக் கூட்டம் உண்டு. வீட்டு முற்றத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் வீடியோ அனுப்பி, எந்த வயரை எதோடு சேர்க்கலாம் என்று சொல்லிக் கொடுத்துக்கொள்வார்கள். சட்டப்படி எல்லாம் தப்பு. தப்பு என்று யாரும் அதை நிறுத்தியதாகத் தெரியவில்லை.

மாஸ்டர் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு லோகு வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, இப்ப வர்ற குட்டிக் கார்ல ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இரும்புத் தண்டு கெடையாது. வயருதான். பிரேக்கும் அப்படித்தான். இவுரு மிதிச்சா, 'மிதிச்சாரு'ன்னு ஒரு சேதி போகும். அந்தச் சேதி போற வழியில நம்ம ஒரு சின்ன சர்க்யூட் போர்டு வெச்சுட்டம்னா போதும்."

"வெச்சா?"

"வண்டி தானா ஓடும். ஆனா இவுருக்குத் தான் ஓட்டற மாதிரியே இருக்கும். ஸ்டீயரிங்கு அவுரு கைக்குள்ள அதும்பாட்டுக்குத் திரும்பும், கை அதோட போயிரும். யாரு கையி எதைத் திருப்புதுன்னே தெரியாதுக்கா."

"போலீசு?"

"வெளிய பாத்தா கையில ஓட்டற வண்டின்னுதான் காட்டும். ரெகார்டுலயும் மனுசன் ஓட்டறதாத்தான் ஏறும்."

சுகந்தி ராத்திரி முழுக்க யோசித்தாள் என்று சொல்ல ஆசைதான். அவள் அந்த இடத்திலேயே சரி என்றுவிட்டாள். பழைய காரைக் கொடுத்துவிட்டு, தானாகவும் ஓடத் தெரிந்த அந்தச் சிவப்புக் குட்டிக் காரை வாங்கினாள்.

லோகு எதையும் வீணாக்காதவன். போர்டோடு சேர்க்கும் குமிழுக்குப் பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிப் போட்டிருந்தான். அதை இடது சீட்டின் பக்கவாட்டில், சுகந்தியின் இடதுகை தொங்கும் இடத்தில், சீட் உறைக்குள் மறைத்து வைத்தான். அஞ்சில் வைத்தால் முழுக்க மாஸ்டர் ஓட்டுவது. எண் குறையக் குறைய அவர் பங்கு குறையும், வண்டியின் பங்கு கூடும்.

"ஒன்னுக்குக் கீழ போகாதீங்க" என்றான். "ஒன்னுல இருந்தாக்கூட, அவுரு உசுரைக் கொடுத்து பிரேக்க மிதிச்சா வண்டி நின்னுரும். சைபர்ல வெச்சா அவுரு கால வண்டி கேக்கவே கேக்காது."

முதல் நாள் நாலில் வைத்துச் சாவியைக் கொடுத்தாள். மாஸ்டர் பொள்ளாச்சி ரோட்டில் ஈச்சனாரி வரை போய்த் திரும்பினார். வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டார். "ஏம்புள்ள, அந்த டாக்டருக்கு ஒன்னும் தெரியல" என்றார். சுகந்தி சமையலறைக்குள் போய் அழுதாள். அது சந்தோஷத்தில் வந்த அழுகைதான், அதில் சந்தேகமில்லை.

பிறகு குமிழ் மெல்ல மெல்லக் கீழே வந்தது. ஒரு ஸ்கூட்டர்காரனை உரசப் பார்த்தபோது மூன்று. சிவப்பு விளக்கில் போகப் பார்த்தபோது இரண்டு. ஒவ்வொரு தடவை திருகும்போதும் அவள் ஜன்னல் பக்கம் எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த முகம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு வித்தியாசம். மாஸ்டர் காலை எடுத்துக்கொள்வதற்காக மிதித்தார். இவள் நாளுக்கு நாள் இன்னும் அழுத்தி மிதித்துக்கொண்டே போனாள்.

பொய்க்குப் பொய் முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வண்டிக்கு வெளிநாட்டு ரோடு பார்த்து வளர்ந்த புத்தி. மாக்கோலத்தைப் பார்த்தால் நின்றுவிடும். சவ ஊர்வலம் போன ரோட்டில் கிடக்கும் பூவைப் பார்த்தால் நிற்கும். நெகமம் பக்கம் மாஸ்டரின் குலதெய்வக் கோவிலுக்கு அமாவாசைதோறும் போவார்கள். தையில், மாசியில் அந்த ரோடெல்லாம் கொள்ளுக்கொடி காயும். வண்டி ஏறி மிதித்தால் மணி உதிரும் என்று ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். அதைக் கண்டதும் நடுரோட்டில் வண்டி நின்றது. மாஸ்டர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார், அது அசையவில்லை.

"என்னடா இது? நான் மிதிக்கறன், இது போக மாட்டீங்குது?" இறங்கிப் பானெட்டைத் திறக்கப் போய்விட்டார். அன்றைக்குச் சுகந்திக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

லோகுவிடம் சொன்னாள். அதற்கும் அந்தக் கூட்டத்திடம் மருந்து இருந்தது. ஊர்ப்பாடம் என்று பேர் வைத்திருந்தார்கள். வைக்கோல், சோளத்தட்டு, கொடி, கோலம், உடைத்த பூசணிக்காய், இதெல்லாம் தடையில்லை, ஏறிப் போகலாம் என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நல்லவேளையாக வேலை செய்தது. அடுத்த அமாவாசைக்கு வண்டி கொள்ளுக்கொடி மேல் சரசரவென்று ஏறிப் போயிற்று, மாஸ்டர் குஷியாகிவிட்டார்.

"கொடி மேல ஏத்தலாம், தப்பில்ல. குவியல் மேல மட்டும் ஏத்தக் கூடாது" என்று பக்கத்தில் பழகுகிறவர் உட்கார்ந்திருப்பதுபோல் சொல்லிக்கொண்டு வந்தார். "குவியல் இருந்தா பக்கத்துல ஆளு இருக்கும். செருப்புக் கெடக்குதான்னு பாக்கணும். செருப்புக் கெடந்தா ஆளு உள்ளதான்."

சுகந்தி அதைக் காதில் வாங்கவில்லை. பழைய பாடம், எத்தனையோ தடவை கேட்டது.

குமிழ் சைபருக்குப் போனது ஒரு மேம்பாலத்தில். ஒன்றும் இல்லாத ரோட்டில் மாஸ்டர் திடீரென்று பிரேக்கை ஓங்கி மிதித்தார். "நாயி!" என்றார். நாயும் இல்லை பேயும் இல்லை. பின்னால் வந்த லாரி ஒரு முழ தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது. லாரி டிரைவர் திட்டிய திட்டுக் காதில் ஏறுவதற்கு முன்பே அவள் கை குமிழைத் திருகிவிட்டது. லோகு சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் திருகினாள். அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. வீட்டில் அவளுக்குத் தூக்கம் கிடையாது. ராத்திரியில் அவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாரோ, கேஸைத் திறந்துவிடுவாரோ என்று ஒரு காதை அவர் பக்கமே வைத்திருக்க வேண்டும். காரில் மட்டும் அந்தப் பயம் இல்லை. கதவு பூட்டியிருக்கிறது, வண்டி பார்த்துக்கொள்கிறது. அந்தச் சிவப்புக் கார்தான் அவள் தூங்குகிற இடமாக ஆயிற்று.

மறுவருஷம் மாசி அமாவாசையன்றும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

ஏதோ மூட்டைமேல் ஏறி இறங்கினாற்போல் வண்டி தூக்கிப் போட்டது. கண்ணைத் திறந்தபோது கார் தானாகவே நின்றிருந்தது. மாஸ்டரின் சீட் காலியாக இருந்தது, கதவு திறந்து கிடந்தது. அவர் காருக்குப் பின்பக்கமாக, வலது காலை நொண்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். அவசரத்தில் இறங்கிக் காலை மடக்கிக்கொண்டார் போல என்று அவள் நினைத்தாள். அதற்குமேல் அந்தக் காலைப் பற்றி நினைக்க நேரமில்லை.

குவித்திருந்த கொள்ளுக்கொடி சிதறிக் கிடந்தது. நடுவில் ஒரு பெண் கிடந்தாள். அறுபது வயதிருக்கும். வெயிலுக்குத் தலையில் ஈரத் துண்டு போட்டு, குவியல் நிழலில் உட்கார்ந்து கொடியை உதறிக்கொண்டிருந்திருக்கிறாள். மடியிலும் கொடி, மேலேயும் கொடி. ரோட்டோரம் ஒரு தண்ணீர்க் கேனும், நீலவார் ரப்பர் செருப்பு ஜோடியும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தபடி இருந்தன.

மாஸ்டர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மிணி… அம்மிணி…" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் பெயர் ராமாத்தாள் என்பது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் உயிர் போய்விட்டிருந்தது.

பிணவறை வாசலில் ராமாத்தாளின் மகள் சாந்தாமணி நின்றாள். சத்தம் போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கையில் ஒரு பாலிதீன் பை, அதற்குள் நீலவார் செருப்பு. சுகந்தி பக்கத்தில் போய் நின்றதும் அவளாகவே கேட்டாள்.

"வருசா வருசம் அந்த ரோட்டுலதானுங்க போடறம். பஸ்ஸுக்காரன் போறான், லாரிக்காரன் போறான். எல்லாரும் கொடி மேல ஏறுவாங்க, குவியலச் சுத்திப் போயிருவாங்க. எங்கம்மா செருப்ப எடுத்து முன்னாலதான் வெச்சிருந்துச்சு. இவுரு ஏனுங்க சுத்திப் போகல?"

சுகந்திக்குப் பதில் தெரியும். "அவுருக்கு உடம்பு சரியில்லைங்க" என்று மட்டும் சொன்னாள். சொன்னதும் தன் நாக்கை அறுத்துப் போட வேண்டும்போல் இருந்தது.

காவல் நிலையத்தில் எஸ்.ஐ. மரியாதையாகத்தான் நடத்தினார். அவர் மாமாவே மாஸ்டரிடம் பழகியவராம்.

"வண்டி ரெகார்டுல பிரேக் போட்டதாவே இல்லீங்களே மாஸ்டர்?"

"மிதிச்சனுங்க. செருப்புக் கெடந்துச்சு. பாத்த ஒடனே மிதிச்சன்."

"ஒரு எடத்துலயும் பதிவாகலீங்க."

மாஸ்டர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். "மிதிச்சனே" என்றார். சற்று நேரம் கழித்து, "மிதிச்ச மாதிரி இருந்துச்சுங்க" என்றார். எஸ்.ஐ. சுகந்தியைப் பார்த்து, எனக்குப் புரிகிறது என்பதுபோல் தலையசைத்தார். வியாதிக்காரர், ஜெயிலுக்கெல்லாம் அனுப்ப மாட்டார்கள், லைசென்சைப் பிடுங்குவார்கள், வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள் என்று தைரியம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சுகந்தி தனக்குத்தானே கணக்குப் போட்டுப் பார்த்தாள். கொன்றது வண்டி. அவர் கையிலும் இல்லை, காலிலும் இல்லை. உண்மையைச் சொன்னால் தானும் லோகுவும் உள்ளே போக வேண்டும், இவரை யார் பார்ப்பார்கள்? அதோடு, 'நீங்கள் வெகுநாளாக ஓட்டவே இல்லை' என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? செத்தவள் திரும்பி வரப் போவதில்லை. அஞ்சில் வைத்திருந்தாலும் இந்த மறதிக்காரரால் என்ன செய்திருக்க முடியும்? ஒன்றும் மாறியிருக்காது. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மாஸ்டரிடம் இன்னொரு தடவை வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த மாஸ்டரின் தம்பி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார். பின்பக்கம் வேப்பமரத்தடியில் சிவப்புக் கார் நின்றது. இழுத்து வந்ததில் சக்கரம் பூட்டிக்கொண்டுவிட்டது, விடுவித்துக்கொடு என்று போலீசே லோகுவைக் கூப்பிட்டிருந்தார்கள். போர்டைக் கழற்றிவிட அதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. சாயங்காலம் வண்டியைச் சோதிக்க ஆள் வருகிறார்களாம்.

சாவியோடு சுகந்தி போனபோது லோகு டிரைவர் சீட்டுக்குக் கீழே தலையைக் கொடுத்துப் படுத்திருந்தான். ஒரு போலீஸ்காரர் தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மூனு வயருதான்க்கா. ஒரு நிமிசம்" என்று கிசுகிசுத்தான் லோகு. "எடுத்துட்டம்னா அப்படி ஒன்னு இருந்ததுக்கு அடையாளமே கெடையாது. நீங்க அந்தக் குமிழ மட்டும் பிடுங்கிப் பைக்குள்ள…"

கொஞ்ச நேரம் அவன் கை மட்டும் உள்ளே எதையோ தடவியது.

"என்ன லோகு?"

"பிரேக் பெடலுக்கா."

"அதுக்கு என்ன?"

"முறிஞ்சிருக்குது."

அவள் குனிந்து பார்த்தாள். பெடலின் தண்டு அடியோடு முறிந்து, ஒரு பக்க விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மோதுனதுல முறிஞ்சிருக்கும்" என்றாள்.

"மோதுனது வெளிய. இது உள்ள இருக்குது. சும்மா மிதிச்சா முறியாது. ஒரு மனுசன் ரெண்டு காலு பலத்தையும் ஒரு கால்ல எறக்கி மிதிச்சாத்தான்…" லோகு வெளியே வந்து உட்கார்ந்தான். "மாஸ்டர் பாத்திருக்காருக்கா. நெசமாலுமே மிதிச்சிருக்காரு."

சுகந்திக்கு நொண்டிக்கொண்டு ஓடிய அந்தக் கால் ஞாபகம் வந்தது. ராத்திரி வீங்கியிருந்த பாதத்துக்குத் தைலம் தேய்த்தவளே அவள்தான். செருப்புக் கெடந்துச்சு, பாத்த ஒடனே மிதிச்சன். பெயரெல்லாம் போய், வேளை போய், வீட்டு வழிகூடப் போன அந்தத் தலைக்குள் ஒரு ஜோடி செருப்புக்கு இடம் இருந்திருக்கிறது. வண்டிக்கு அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தில் அது இல்லை.

"ஒன்னுல இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

லோகு சாமான் பைக்குள் எதையோ தேடினான்.

"லோகு, ஒன்னுல இருந்திருந்தா நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும்க்கா."

டீ குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர், "ஆச்சாப்பா?" என்று குரல் கொடுத்தார். லோகு "இதா ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே கையை விட்டான். சுகந்தி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எடுக்காத."

"அக்கா, வெளையாடறீங்களா? எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைக இருக்குது."

"உன்ற பேரு வராது. வீடியோவப் பாத்து நானே மாட்டுனன்னு சொல்லிக்கறன். கொழம்புக்குப் புளி கரைக்கறதாட்ட எல்லாரும் வீட்டுலயேதான செய்யறாங்க? நம்புவாங்க."

"நீங்க உள்ள போயிட்டா மாஸ்டர யாரு பாப்பாங்க?"

"இப்ப மட்டும் நான் பாத்துட்டா இருந்தன்?" என்றாள். "தூங்கீட்டு இருந்தன் லோகு."

அவன் அழுதுவிடுவான்போல் இருந்தது. சக்கரத்தை விடுவித்துவிட்டு, சாமான் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான்.

சுகந்தி உள்ளே போய்ச் சொன்னதை எஸ்.ஐ. முழுக்கக் கேட்டார். முதலில் சிரித்தார், பிறகு எழுந்து போய்க் குமிழைத் தானே திருகிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முறிந்த பெடலையும் பார்த்திருக்க வேண்டும். "ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?" என்றார். அதை எழுதிக்கொள்ள வேண்டிய கேள்வியாக அவர் கேட்கவில்லை. பெண் போலீஸ் ஒருவரைக் கூப்பிட்டார்.

"போறதுக்கு முன்னால அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லீட்டு வந்துரட்டுங்களா?" என்று சுகந்தி கேட்டாள். சரி என்றார்.

மாஸ்டர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை மடிப்புக் கலையவில்லை. அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து, அவருடைய வீங்கிய வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். போர்டைச் சொன்னாள், குமிழைச் சொன்னாள், மேம்பாலத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். எவ்வளவு புரிந்தது என்று முகத்திலிருந்து தெரியவில்லை.

"கொன்னது நீங்க இல்லைங்க. செருப்பப் பாத்தது நீங்க மட்டும்தான். பெடலு முறியற அளவுக்கு நீங்க மிதிச்சீங்க. வண்டிதான் கேக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் அது எந்த வசனம் என்று அவள் காதிலேயே விழுந்தது.

மாஸ்டர் புன்னகை செய்தார். முதல் நாளே எதிலாவது முட்டிவிட்டு அழுகிறவர்களிடம் அவர் காட்டும் அதே புன்னகை. அவள் தலையை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

"நல்லாத்தான் சொல்றே" என்றார். "நானும் இப்படித்தான் சொல்லுவன். குமிழு, போர்டுன்னு நீ இன்னும் சோடிச்சுச் சொல்றே."

"இல்லைங்க, சத்தியமா…"

"சுகந்தி, நான் பழக வந்தவன் இல்ல. எனக்கு இது வேண்டாம்." அவர் குரல் வெகுநாளைக்குப் பிறகு தெளிவாக இருந்தது. "மிதிச்சதாத்தான் நெனச்சன். காலு போகல. அவ்வளவுதான்."

சுகந்தி உரக்க அழுதாள். வராந்தாவில் போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எஸ்.ஐ. நம்பிவிட்டார், நாளைக்கு ஊரே நம்பும், சாந்தாமணிகூட நம்புவாள். யாருக்காகச் சொன்னாளோ அவர் ஒருவர்தான் நம்பவில்லை.

"அந்த அம்மிணி பேரு என்ன?" என்று மாஸ்டர் கேட்டார்.

"ராமாத்தாளுங்க."

"ராமாத்தாள்." உதட்டுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "எனக்குப் பேரு நிக்க மாட்டீங்குது. இதை மறக்கக் கூடாது. தெனமும் காலையில எனக்கு ஞாபகப்படுத்து."

பெண் போலீஸ் வந்து பக்கத்தில் நின்றாள்.

"சொல்றனுங்க" என்றாள் சுகந்தி.